ஆகாச கருடன் கிழங்கு: வாசலில் முளைக்கிறது, சரி, அரைத்துக் குடிக்கலாமா?

ஒரு வாசகர் கேட்டது:
"நிலைவாசலில் ஆகாச கருடன் கிழங்கு கட்டினோம். மண் இல்லை, தண்ணீர் இல்லை, மூன்று வாரத்தில் முளை விட்டுவிட்டது. வீட்டுக்கு நல்ல சகுனம் என்கிறார் மாமியார். அரைத்துக் கொடுத்தால் பாம்பு விஷம் இறங்கும், ஒரு துண்டு எப்போதும் வீட்டில் இருக்கட்டும் என்கிறார் விற்றவர். இரண்டில் எதை நம்புவது?"

12.07.2024

மாமியாரை நம்புங்கள். விற்றவரை நம்பாதீர்கள்.

முளைத்ததில் ஏமாற்று எதுவும் கிடையாது. சமையலறை மூலையில் சேனைக்கிழங்கு வாங்கிப்போட்டு மறந்துவிட்டால் என்ன ஆகும்? அதே கதைதான். கிழங்கு என்பது கொடியின் சேமிப்பு. தண்ணீர், மாவுச்சத்து எல்லாம் உள்ளேயே இருக்கிறது. இந்தக் கொடி வறண்ட காட்டுக் கொடி. கோடையில் மேலே காய்ந்து போய்விடும், கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உயிரோடு கிடந்து, மழை வாடை பட்டதும் எழுந்துவிடும். நீங்கள் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாலும் அதன் புத்தி மாறாது. முளைத்த சேனையை யாரும் கும்பிடுவதில்லை, இதைக் கும்பிடுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் வீட்டிலும் ஒன்று தொங்கியது. திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் நடைபாதையில் வைத்து விற்றுக்கொண்டிருந்த ஒருவரிடம் 150 ரூபாய்க்கு வாங்கினேன். "தண்ணி கிண்ணி ஊத்திடாதீங்க சாமி, அது காத்தையே குடிச்சுக்கும்" என்றார். ஒன்றரை முழம் கொடி விட்டது. பிறகு சுருங்கிச் சுருங்கி எலுமிச்சை அளவுக்கு வந்து நின்றது.

12.07.2024, இரவு

சொல்ல விட்டுப்போனது. இதற்கே கொல்லன் கோவை என்றும் பெயர். கருடக்கொடி என்பதும் இதுதான்.

15.07.2024

மேலே கடைசி வரி தப்பு. முழுத் தப்பு, ஆபத்தான தப்பும்கூட. அழிக்காமல் விட்டு வைக்கிறேன், பார்ப்பவர்களுக்குப் பாடமாக இருக்கட்டும். சுட்டிக்காட்டியவர் என்னை "கூகுள் வைத்தியர்" என்று வேறு திட்டியிருக்கிறார். வாங்கிக்கொண்டேன்.

கருடக்கொடி வேறு, ஆகாச கருடன் வேறு. ஆகாச கருடன், கோவைக்காய், பாகல், பீர்க்கு, சுரை எல்லாம் ஒரே குடும்பம். கருடக்கொடி என்பது ஈஸ்வர மூலி. பெருமருந்து என்றும் சொல்வார்கள். தாவரவியலில் அரிஸ்டோலோகியா இண்டிகா. அதுவும் கொடி, அதன் வேரும் பாம்புக்கடிக்கு என்று பேர் வாங்கியது, அதிலும் கருடன் இருக்கிறார். பாம்புக்கு எதிரி கருடன் என்பதால், பாம்புக்கு மருந்து என்று நம்பிய செடிக்கெல்லாம் அவர் பெயரை வைத்துவிட்டார்கள்.

ஈஸ்வர மூலியில் இருக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை முதல் பட்டியலில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியானவற்றின் பட்டியலில், வைத்திருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் உடல் இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு அடுத்தடுத்து சிறுநீரகம் பழுதானது. என்ன என்று பார்த்தால், போட வேண்டிய சீன மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோகியா இனம் ஒன்று கலந்துவிட்டிருந்தது. சீனத்தில் இரண்டு பெயர்களும் ஏறக்குறைய ஒன்றாக ஒலிப்பவை. நான் இங்கே செய்ததும் அதே குழப்பம்தான், நல்லவேளை மாத்திரை போடவில்லை.

ஒரு துணைச்செய்தி. ஈஸ்வர மூலி இலையைத் தின்று வளரும் வண்ணத்துப்பூச்சிகள் உண்டு, சிவப்பு உடம்பும் கறுப்புச் சிறகுமாக இருக்கும். இலையின் நஞ்சைத் தன் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்வதால் பறவைகள் அதைத் தொடுவதில்லை. நஞ்சே இல்லாத வேறொரு வண்ணத்துப்பூச்சி, அதே மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு தப்பித்துத் திரிகிறது. நம் ஊர் போலி வைத்தியருக்கு உவமை தேடுகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

19.07.2024

"எங்கள் மாமாவுக்கு இதுதான் உயிர் கொடுத்தது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு மாமா உண்டு.

எனக்கு அப்போது எட்டு வயது. பெரம்பலூர் பக்கம் அம்மா ஊர். சோளக்காட்டில் மாமாவைப் பாம்பு கடித்துவிட்டது. தூக்கிக்கொண்டு வந்து திண்ணையில் சாய்த்தார்கள். யாரோ ஓடிப்போய் ஆகாச கருடன் கிழங்கு கொண்டுவர, ஆத்தா அம்மியில் வைத்து நசுக்கினாள். வெள்ளையாகப் பால் மாதிரி ஒரு சாறு, பச்சைப் பாகற்காய் வாடை. கொட்டைப்பாக்கு அளவு உருட்டி வாயில் போட்டார்கள். மாமா முகம் கோணியது இன்னும் கண்ணில் நிற்கிறது. அரை நாழிகைக்குள் வாந்தி, பேதி, மறுபடி வாந்தி. "விஷம் வெளிய வருது, வரட்டும், வரட்டும்" என்று முதுகைத் தட்டினாள் ஆத்தா. விடியும்போது எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார். அதற்கப்புறம் முப்பது வருஷம் இருந்தார்.

எங்கள் ஊரில் அந்தக் கிழங்குக்கு இருந்த மரியாதையைக் கேட்காதீர்கள்.

20.07.2024

நேற்று எழுதியதைக் காலையில் படித்தேன். அந்தக் கதையை அப்படியே விட்டால் பாவம்.

பாம்பை யாரும் பார்க்கவில்லை. நம் நாட்டில் கடிக்கும் பாம்புகளில் பெரும்பாலானவை நஞ்சில்லாதவை. நஞ்சுள்ளது கடித்தாலும் சில சமயம் நஞ்சை இறக்காமல் பல்லை மட்டும் பதித்துவிட்டுப் போகும். மாமா கால் வீங்கியதாக நினைவில்லை. வாந்தி எங்கிருந்து வந்தது? கிழங்கிலிருந்து. இந்தக் குடும்பத்துக் காட்டுச் செடிகளில் குக்குர்பிட்டசின் என்ற கசப்புப் பொருள் இருக்கும். பீர்க்கங்காயோ சுரைக்காயோ கசந்தால் அம்மா முழுக் குழம்பையும் கொட்டிவிடுவாளே, அதே கசப்பு. கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்து ஆட்கள் செத்ததால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் குழு போட்டு விசாரித்து, கசந்தால் குடிக்காதீர்கள் என்று 2011இல் சொன்னது. சமையல் சுரைக்கே அந்தக் கதி என்றால் காட்டுக் கிழங்கை யோசித்துக்கொள்ளுங்கள். பாம்பு நஞ்சு ரத்தத்தில் இருக்கிறது, வயிற்றில் இல்லை. வயிற்றைக் கலக்கி அதை வெளியே எடுக்க முடியாது.

மாமா கிழங்கால் பிழைக்கவில்லை, கிழங்கிலிருந்தும் பிழைத்தார் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நேற்று வேண்டுமென்றேதான் சொல்லாமல் விட்டேன். அதே தெருவில், நாலைந்து வருஷம் கழித்து, தரையில் படுத்திருந்த ஒரு அக்கா விடியற்காலை வயிற்றுவலி என்று எழுந்தாள். கடிவாய் தெரியவில்லை. கட்டுவிரியன் அப்படித்தான், வலிக்காமல் கடிக்கும், வீக்கம் இருக்காது, முதலில் வயிறு பிசையும், அப்புறம் கண் இமை தொங்கும். இமை சரிந்தபிறகுதான் பாம்பு என்று புரிந்தது. மாமாவைக் காப்பாற்றிய கிழங்கு இருக்கும்போது ஆஸ்பத்திரி எதற்கு? அரைத்தார்கள். வண்டி பிடிக்கும்போது மணி பத்து. வழியிலேயே முடிந்துவிட்டது.

கிழங்கில் இருந்த நஞ்சு அவளைக் கொல்லவில்லை. அது தின்ற ஐந்து மணி நேரம்தான் கொன்றது.

21.07.2024

"அப்போ என்ன செய்யணும்" என்று மூன்று பேர். கடிபட்டவரை நடக்க விடாதீர்கள், கடித்த கை காலை அசைக்க விடாதீர்கள், மோதிரம் கொலுசு இருந்தால் கழற்றுங்கள், 108. இறுக்கிக் கட்ட வேண்டாம், கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம். சிறியாநங்கை கொடுத்துக் கசக்கிறதா இனிக்கிறதா என்று பரீட்சை வைக்க வேண்டாம். அரசு மருத்துவமனையில் நஞ்சுமுறி ஊசி இலவசம். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறக்குறைய 12 லட்சம் பேர் என்று 2020இல் வந்த ஒரு ஆய்வு கணக்கிட்டது. அதில் ஏறக்குறைய பாதி 30 முதல் 69 வயதுக்காரர்கள்.

அந்த ஊசிக்கு வேண்டிய நஞ்சு எங்கிருந்து வருகிறது தெரியுமா? சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், 1978இல் தொடங்கியது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து, நஞ்சு எடுத்துக்கொண்டு, மறுபடி விட்டுவிடுகிறார்கள். காட்டு மூலிகை அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

04.08.2024

ஆடி அமாவாசை, ஞாயிற்றுக்கிழமை வேறு. மூலிகை எடுக்க இதைவிட நாள் கிடையாது என்று பெரியப்பா கூப்பிட்டார். ஊருக்குப் போனேன். இத்தனை எழுதிவிட்டு ஏன் போனாய் என்று கேட்பீர்கள். பார்க்கத்தான்.

கோடை மழைக்குக் கொடி தலைகாட்டி, கிளுவை வேலியில் ஏறியிருந்தது. கோவை இலை மாதிரியே, கொஞ்சம் சொரசொரப்பு. காய் சின்னதுதான், பழுத்தால் நடுவில் சிவப்பு, அடியும் மூக்கும் பச்சை. மூக்கு என்றால் நிஜமாகவே மூக்கு, நுனி கூராக நீண்டிருக்கிறது. கருடன் பெயர் இந்த மூக்கைப் பார்த்து வந்திருக்குமோ என்று அங்கே நின்றபோது தோன்றியது. தோன்றியதுதான், யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

முந்தின நாள் சாயங்காலமே பெரியப்பா கொடிக்குக் காப்பு கட்டியிருந்தார், மஞ்சள் நூல். விடிவதற்கு முன்னால் குளித்து ஈர வேட்டியோடு வந்தார். தேங்காய், வெற்றிலை பாக்கு, சூடம். ஏதோ முணுமுணுத்தார், சாப நிவர்த்தி என்றார், சத்தமாகச் சொல்லமாட்டாராம். "டேய் தம்பி, தள்ளி நில்லு, உன் நிழல் கொடி மேல விழுது." சூரியனே அப்போதுதான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நகம் படக்கூடாது, இரும்பு படக்கூடாது. ஒரு வேப்பங்குச்சியைச் சீவி வைத்துக்கொண்டு சுற்றிலும் மண்ணை நெம்பினார். மண்வெட்டி இருந்தால் ஐந்து நிமிட வேலை. ஒரு மணி நேரம் ஆனது. நடுவில் இரண்டு முறை உட்கார்ந்து வெற்றிலை போட்டார்.

கிழங்கு வெளியே வந்தபோது ஒரு கீறல்கூட இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மண்வெட்டி பட்ட கிழங்கு பத்து நாளில் அழுகும், தொங்கவிட முடியாது. குச்சியால் தோண்டினால்தான் தோல் முழுசாக இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும், முளைக்கும். இரும்பு ஆகாது என்ற விதி கடைசியில் முளைப்புக்குத்தான் வேலை செய்கிறது. பெரியப்பாவிடம் சொன்னேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாது, எங்க அப்பா சொன்னாரு" என்றார்.

06.08.2024

மஞ்சள் தண்ணீரில் கழுவி, குங்குமம் வைத்து, கருப்புக் கயிற்றில் அம்மா கட்டினாள். கட்டும் முன் சமையலறைத் தராசில் வைத்தேன், 612 கிராம். "சாமி சாமானை எடை போடுறான் பாரு" என்று திட்டு. தராசு கேக் செய்ய என்று மனைவி வாங்கியது. இதுவரை அதில் கேக் ஏறியதில்லை.

27.08.2024

பெயர்க்கதை கேட்டவருக்கு. தரங்கம்பாடிக்கு 1776இல் வந்த ராட்லர் பாதிரியாரைத் தமிழ் அகராதிக்காரராகத்தான் நமக்குத் தெரியும். அவர் செடி சேகரிப்பவரும்கூட. இந்தக் கொடிக்கு 1803இல் முதலில் லத்தீன் பெயர் வைத்தது அவர்தான். பின்னால் பேரினம் மாறி இப்போது கொரல்லோகார்ப்பஸ் எபிஜியஸ். முன்பாதிக்குப் பவளக்கனி என்று பொருள், பொருத்தம். பின்பாதி, ராட்லர் வைத்தது, "தரைமேல் உள்ளது". நாம் ஆகாசம் என்கிறோம், அவர் தரை என்கிறார். இரண்டு பேரும் ஒரே கிழங்கைத்தான் பார்த்தார்கள். அவர் காட்டில் பார்த்தார், நாம் வாசலில் பார்த்தோம்.

மெட்ராஸில் வேலை பார்த்த மருத்துவர் ஐன்ஸ்லி 1826இல் எழுதியதிலும் இது வருகிறது. நாட்டு வைத்தியர்கள் நாள்பட்ட சீதபேதிக்குக் கொடுப்பதையும், சீரகம், வெங்காயம், விளக்கெண்ணெய் சேர்த்து மூட்டுவலிக்கு மேல்பூச்சாகப் போடுவதையும் சொல்கிறார். காற்றில் தொங்கவிட்டால் முளைக்கும் என்பதும் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. இருநூறு வருஷமாக அதே ஆச்சரியம்.

15.09.2024

541 கிராம். முளை ஒரு சாண். தண்ணீர் ஊற்றவில்லை. காற்றைக் குடித்து வளர்ந்தால் எடை கூடியிருக்க வேண்டும் இல்லையா? 71 கிராம் குறைந்திருக்கிறது. தன்னையே தின்று வளர்கிறது. அம்மாவிடம் சொன்னேன். "பெத்தவளும் அப்படித்தான்டா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். இதற்குமேல் அறிவியல் பேச முடியுமா?

16.09.2024

ஆன்லைனில் வாங்கியது அசலா என்று கேட்டவருக்கு: முளைத்த பிறகு பாருங்கள். பற்றுச்சுருள், அதாவது பாகற்கொடி கம்பியைப் பிடிக்க விடுமே அந்தச் சுருட்டை, இருந்தால் இந்தக் குடும்பம். சுருளே இல்லையென்றால் உங்களுக்கு வேறெதையோ கொடுத்திருக்கிறார்கள். திருஷ்டிக்கு எது தொங்கினால் என்ன என்றால், அதுவும் சரிதான்.

20.10.2024

488 கிராம். கொடி இரண்டு முழம், மின்சார மீட்டர் பெட்டியைப் பிடித்துக்கொண்டது. கணக்கெடுக்க வந்தவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மீட்டரைப் பார்த்தார்.

22.10.2024

"நம் மக்கள்தான் இப்படி மூடநம்பிக்கையில்" என்று ஒருவர் ஆரம்பித்திருக்கிறார். கொஞ்சம் நில்லுங்கள். அமெரிக்கக் கறுப்பின மக்களின் நாட்டு மந்திரத்தில் ஜான் என்ற வீரனின் பெயரில் ஒரு வேர் உண்டு. மெக்சிகோவின் ஜலாப் கொடி, நம் சிவதையின் குடும்பம், சிவதை மாதிரியே கடும்பேதி. அதைத் தின்பதில்லை, சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்கள், அதிர்ஷ்டத்துக்கு.

இன்னொரு வேர்க்கதை பிரெடரிக் டக்ளஸ் சொன்னது, 1845இல் வந்த அவருடைய தன்வரலாற்றில். அவர் அடிமையாக இருந்த காலம், 1834. அடித்தே மனிதர்களைப் பணியவைப்பவன் என்று பேர் எடுத்த ஒரு பண்ணைக்காரனிடம் விட்டிருந்தார்கள். சாண்டி என்ற இன்னொரு அடிமை ஒரு வேரைக் கொடுத்து, வலது பக்கம் வைத்துக்கொள், எந்த வெள்ளைக்காரனும் உன்னை அடிக்க முடியாது என்றார். டக்ளசுக்கு நம்பிக்கையில்லை, ஆனாலும் வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை பண்ணைக்காரன் நல்லபடியாகப் பேசினான். திங்கட்கிழமை கட்டிப்போட வந்தான். டக்ளஸ் அவன் கழுத்தைப் பிடித்தார். இரண்டு மணி நேரச் சண்டை. அதன்பிறகு அவன் அவர்மேல் கை வைக்கவே இல்லை.

வேரா, கையா? கைதான். ஆனால் ஞாயிறு முழுக்க அந்த வேர் பையில் இருந்தது என்பதையும் அவர் மறைக்காமல் எழுதினார். பெரியப்பா ஈர வேட்டியோடு குந்தியிருந்ததை நினைத்தபோது இதுதான் ஞாபகம் வந்தது. சிரிக்க மனசு வரவில்லை.

01.12.2024

ஒரு வாரமாக அடை மழை, புயல். கிழங்கின் அடியில் விரல் வைத்தால் அமுங்குகிறது. சாம்பல் பூஞ்சை, காசு அளவு. 430 கிராம்.

அம்மா முகம் மாறிவிட்டது. அழுகினால் யாரோ வைத்த வினையைக் கிழங்கு வாங்கிக்கொண்டது என்று அர்த்தமாம். முளைத்தால் வீடு செழிக்கும், அழுகினால் வீடு தப்பியது. எப்படி விழுந்தாலும் கிழங்குக்கு வெற்றி. இப்படி ஒரு வேலை எனக்குக் கிடைத்தால் சம்பளமே கேட்கமாட்டேன்.

ஆற்றில் விடச் சொன்னாள். சரி என்று வாங்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். கெட்ட பாகத்தைக் கத்தியால் வெட்டினேன் (ஆமாம், இரும்புதான்), வெட்டுவாயில் அடுப்புச் சாம்பல் தடவி இரண்டு நாள் உலர்த்தி, பெயிண்ட் வாளியில் மணல் கலந்த மண்ணில் வைக்கப்போகிறேன். ஒரு கிழங்கு தோண்டினால் ஒரு கொடி போச்சு. அந்த வேலியில் இப்போது வேறு கொடி இல்லை.

02.12.2024

கத்தியைக் கழுவினேன், கையைக் கழுவினேன், மறந்துபோய் உதட்டைத் துடைத்துவிட்டேன். மூன்று சோப்பு போட்டும் கசப்பு போகவில்லை. ராத்திரி சாப்பிட்ட ரசமும் கசந்தது. மாமா ஒரு கொட்டைப்பாக்கு அளவு விழுங்கினார் என்பதை இப்போதுதான் நாக்கால் புரிந்துகொண்டேன்.

17.06.2025

நட்ட கொடி என்ன ஆச்சு என்று கேட்டவருக்கு. மாசி, பங்குனியில் செத்தது போலக் கிடந்தது. வாளியைக் காலி செய்து மனைவி கறிவேப்பிலை நட இருந்தாள். மே மாத மழைக்கு மூன்று இடத்தில் முளைத்தது. இப்போது துணி காயப்போடும் கம்பி முழுக்க ஏறி, ஏழெட்டுக் காய், இரண்டு பழுத்திருக்கிறது. விதை எடுத்து வைத்திருக்கிறேன், அடுத்த அமாவாசைக்குப் பெரியப்பா வேலியில் ஊன்ற.

அம்மாவுக்கு நேற்றுதான் தெரியவந்தது. மாடிப்படி ஏறமாட்டாள், பேத்தி சொல்லிக் கொடுத்துவிட்டாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்போ வாசல் ஆறு மாசமா காலியாவா இருக்கு?" என்றாள்.